பதினெட்டு முடியுது, பிள்ளை எங்கே போகிறது?

போன கிழமை ஒரு சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளர் அக்கா போன் எடுத்தார். "தம்பி, எங்கட பொடியன் ஒருத்தனுக்கு வாற மாதம் பதினெட்டு முடியுது. வாழைச்சேனைப் பக்கம் சித்தி ஒருத்தி இருக்கிறா, கொழும்பில ஒரு கடையில வேலையும் சரிவந்திருக்கு, அவன் எண்டால் வயரிங் படிக்கப் போறன் எண்டு நிக்கிறான். நீ என்ன சொல்லுறாய்?" நான் வாயைத் திறக்க முன்னமே பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அழுகிற சத்தம். "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிற பிள்ளையை எங்கே அனுப்புவது? வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் போனில் கதைத்துக் கதைத்து வாய் உளைகிறது, அதனால் இந்த முறை எழுதியே வைக்கிறேன். நான் உத்தியோகத்தரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. மட்டக்களப்பில் ஃப்ரிட்ஜ், ஏ.சி திருத்துகிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நானும் ஒரு ஹோம் பொடியன். 2004 சுனாமியில் கல்லடியில் அம்மா போனார், அப்பா அதற்கு முன்னமே இல்லை. அதற்குப் பிறகு இல்லம். 2009-இல் பதினெட்டு முடிந்தது, ஒரு தகரப் பெட்டியோடு வெளியே வந்தேன், அப்போது ஏ.எல் (உயர்தரம்) சோதனைக்கு இன்னும் ஒரு வருசம் கிடந்தது.

எந்த வழியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். வேலை போனால் அன்றைக்கு இரவு பிள்ளை எங்கே படுக்கும்? காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் அடிக்கும்? சம்பளம் எவ்வளவு, சான்றிதழ் கிடைக்குமா, சாப்பாடு தருவார்களா எல்லாம் அதற்குப் பிறகு.

வழிகளை ஒப்பிட முன் கடதாசி விசயம் ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் எந்த வழியும் வழி இல்லை. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, ஒரு பாங்குப் புத்தகம், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடம் விட்டு விலகிய சான்றிதழ். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அதிபர் மூலம் போகும், அதுதான் ஆகச் சுகமான நேரம். அந்த நேரத்தைத் தவறவிட்டால் கிராம சேவகரிடம் போக வேண்டும். எந்தக் கிராம சேவகர்? இங்கேதான் பிள்ளை இரண்டு கதிரைக்கு நடுவில் விழுகிறது. இல்லம் இருக்கிற பிரிவின் ஜீ.எஸ் "நீ இப்ப இங்க இல்லையே" என்பார், சொந்த ஊர் ஜீ.எஸ் "நீ எனக்கிட்ட எப்ப இருந்தாய்?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வதிவிடச் சான்றிதழ் மட்டும் வராது, அது வராமல் பயிற்சிக்கும் போக ஏலாது, வேலைக்கும் போக ஏலாது. நான் எட்டு மாதம் அலைந்தேன். ஆகவே பொறுப்பாளர்மாருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை உங்கள் முகவரியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், மூலப்பிரதியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், போட்டோக் கொப்பியை அலுமாரியில் வையுங்கள். தலைகீழாகச் செய்கிற இடங்களும் இருக்கின்றன.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஆகக் கூடுதலாக நடப்பது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவது. செலவு இல்லை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள், "குடும்பத்தோட சேர்த்துட்டம்" என்று பதிவேட்டில் எழுதலாம். நான் இதற்கு எதிரானவன் இல்லை. தாயோ அம்மம்மாவோ உயிரோடு இருந்து, வறுமையால்தான் பிள்ளையை இல்லத்தில் விட்டார்கள் என்றால், அதைவிட நல்ல இடம் வேறில்லை, எங்கள் மாவட்டத்தில் இல்லங்களுக்கு வந்த பிள்ளைகளில் அப்படி வந்தவர்களும் நிறையப் பேர். ஆனால் பத்து வருசமாக எட்டியும் பார்க்காத சித்தப்பா பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முதல் மாதம் வந்து "எங்கட பிள்ளைய நாங்க கொண்டு போறம்" என்று நின்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வேளாண்மை வெட்டு நேரத்தில் அந்தப் பொடியன் அந்த வீட்டுக்கு இரண்டு கை. வெட்டு முடிந்தால் ஒரு வாய்.

என் கதையைச் சொல்கிறேன். நான் போனது சித்தப்பா வீட்டுக்கு. நல்ல மனுசன், அடிக்கவும் இல்லை, பட்டினி போடவும் இல்லை. மூன்றாம் மாதம் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒரு லீசிங் கந்தோருக்குப் போனார். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். "இதில ஒரு கையெழுத்து வை மனே" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா, என் கையெழுத்து ஒருவருக்குத் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. மூன்று இடத்தில் வைத்தேன், எழுத்து அழகாக வர வேண்டும் என்று மெதுவாக வைத்தேன். அது பிணைக் கையெழுத்து. அவர் ஏழு தவணை கட்டினார், பிறகு கட்டவில்லை. இரண்டு வருசம் கடிதம் எனக்கு வந்தது. பதினெட்டு முடிந்த பிள்ளை சட்டப்படி வளர்ந்த ஆள், 1989-இல் 21-ஐ 18 ஆக்கினார்கள், அதனால் அவன் வைக்கிற கையெழுத்து செல்லும். கையெழுத்து என்றால் என்ன என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆகவே சொந்தக்காரர் வீடு சரியா பிழையா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். இல்லத்தில் பார்வையாளர் புத்தகம் என்று ஒன்று இருக்கும். கடைசி இரண்டு வருசத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பெயர் எத்தனை தடவை இருக்கிறது? தைப்பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் லீவில் கூட்டிக்கொண்டு போனார்களா? போனவன் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தானா, இல்லை ஒரு நாள் முந்தியே வந்துவிட்டானா? நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைவிட இது கூடச் சொல்லும். அவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை, ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது எனக்கும் தெரியும்.

அடுத்தது, இல்லத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பது. ஏ.எல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட்டால் வேறு வழியே இல்லை என்பேன். நம் நாட்டில் ஏ.எல் எடுக்கிற வயசு பதினெட்டு, பத்தொன்பது. பிறந்தநாள் முதலில் வருகிறது, சோதனை பிறகு வருகிறது. வீட்டில் வளர்கிற எந்தப் பிள்ளையையாவது சோதனைக்கு ஆறு மாதம் இருக்கும்போது தகப்பன் "உனக்குப் பதினெட்டாச்சு, போ" என்று சொல்லுவாரா? இங்கிலாந்தில் 2014-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிற பிள்ளை இரண்டு பக்கமும் சம்மதம் என்றால் 21 வரை அங்கேயே இருக்கலாம். இந்தியாவில் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 18 முடிந்து 21 வரைக்கும் பின்கவனிப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் நல்ல மனசுள்ள பொறுப்பாளர் கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகும் "எங்க போறது, இங்கயே இரு" என்று வைத்துக்கொண்டால், கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை இல்லத்தின் சம்பளமில்லா வேலையாள் ஆகிவிடும். சமையலுக்கு உதவி, சின்னப் பிள்ளைகளைக் குளிக்கவார்ப்பது, சந்தைக்குப் போவது. இருபத்துமூன்று வயசிலும் நூறு பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்த, ஆனால் ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாத ஒரு அக்காவை எனக்குத் தெரியும். பகிடிக்குச் சொல்லவில்லை. தனி வீட்டுக்குப் போன முதல் கிழமை ஒவ்வொரு நாளும் சோறு மிஞ்சிப் பழுதாகிப் போனது, அவ அழுதது பசியால் இல்லை. ஆகவே வைத்திருப்பதென்றால் முடிவுத் திகதி போட்டு வையுங்கள், சோதனை முடிந்து மூன்று மாதம் என்றோ, பயிற்சி முடியும்வரை என்றோ. அதுவரைக்கும் கிழமைச் செலவுக் காசைக் கையில் கொடுத்துச் செலவழிக்கப் பழக்குங்கள், பிழை விட்டால் விடட்டும், அந்தப் பிழை இல்லத்துக்குள்ளேயே நடக்கட்டும்.

மூன்றாவது தொழில் பயிற்சி. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன, பயிலுநராக ஒரு கராஜிலோ வேலைத்தளத்திலோ நின்று பழகுவதற்கு நைற்றா என்கிற அரசாங்கப் பயிலுநர் பயிற்சி அதிகார சபை இருக்கிறது, அம்பாறையில் ஹார்டி நிறுவனம் ஏ.எல் முடித்தவர்களுக்கு உயர் டிப்ளோமா நடத்துகிறது. முக்கியமானது என்.வீ.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். 1-இலிருந்து 7 வரை மட்டம், 3, 4 எடுத்தால் கைத்தொழிலில் தேர்ந்த ஆள், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஓ.எல் (சாதாரண தரம்) பெறுபேறு சரியில்லாத பிள்ளைக்கும் இதில் ஏறிப் போக ஒரு ஏணி இருக்கிறது. எதைப் படிப்பது என்று குழம்பினால் பிரதேச செயலகத்தில் மனிதவலு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் இலவசமாகக் கதைக்கலாம், போகிறவர்கள்தான் குறைவு.

எல்லாரும் "பயிற்சிதான் நல்லது" என்று தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுகிறேன். ஆனால் பயிற்சிக்காலக் கொடுப்பனவு என்று வருகிற காசு பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் போய்விடும், வாடகைக்கு மிஞ்சாது. பகலில் எட்டு மணித்தியாலம் வகுப்பு, இரவில் எங்கே படுப்பது? அதனால்தான் நாலு மாதத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். சோம்பல் என்று நினைக்கிறோம், உண்மையில் படுக்கை இல்லை. விடுதியுள்ள நிலையமாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சியைத் தங்குமிடத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நான்காவது, கொழும்பு. கடை, ஹோட்டல், கார்மென்ட், வெயார்ஹவுஸ். இதில் ஆகப் பெரிய கவர்ச்சி வேகம். இன்றைக்குப் போன் எடுத்தால் நாளன்றைக்கு இரவு பஸ். கட்டில் தருவார்கள், சாப்பாடு தருவார்கள், சம்பளம். 2025 ஏப்ரலில் ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் இருந்து 30,000. இல்லத்தில் வளர்ந்து கையில் நூறு ரூபாய்க்கு மேல் பிடித்திராத பிள்ளைக்கு அது கடல். போகட்டும், நல்லாய் வந்தவர்களும் உண்டு. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பிடிக்கிறார்களா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். அதைக் கேட்டதும் முகம் மாறுகிற முதலாளியிடம் போக வேண்டாம்.

எனக்குப் பிரச்சினை சம்பளம் இல்லை. கட்டிலும் வேலையும் ஒரே ஆளின் கையில் இருக்கிறது, அதுதான். மேற்பார்வையாளரோடு வாய்த்தர்க்கம் வந்தால் வேலை போகும், வேலை போன அதே பின்னேரம் கட்டிலும் போகும். வீடுள்ள பிள்ளை என்றால் "சரி, ஊருக்குப் போறன்" என்று பஸ் ஏறும். இவன் எங்கே ஏறுவான்? அதனால் எதையும் பொறுத்துக்கொண்டு இருப்பான், சம்பளம் பிந்தினாலும், அடித்தாலும், வேறென்ன நடந்தாலும். இரவு பதினொரு மணிக்குப் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் இருந்து எனக்கு வந்த போன்கள் நாலு. என் நம்பர் இல்லாதவர்கள் யாருக்கு எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கொழும்புக்குப் போயே ஆக வேண்டும் என்றால் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள், திரும்பி வர பஸ் காசை வேறாகப் பாங்கில் போட்டு அனுப்புங்கள், லீவுக்கு வந்து படுக்க ஒரு பாய் இல்லத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். இன்னொன்று, வேலை பார்த்தே தொழில் பழகினவர்களுக்கும் என்.வீ.கியூ எடுக்கலாம், செய்த வேலையைக் காட்டி மதிப்பீடு செய்து தருவார்கள். நான் எடுத்தது அப்படித்தான், ஏழு வருசம் ஏ.சி தூக்கிய பிறகு.

ஐந்தாவதுதான் என் கட்சி. இல்லத்துக்குக் கிட்ட, ஓட்டோவில் பத்து நிமிசத்துக்குள், ஒரு சின்ன வீடோ இரண்டு அறையோ வாடகைக்கு எடுத்து மூன்று நாலு பேரை ஒன்றாக இருக்க விடுவது. ஒருவன் பயிற்சிக்குப் போவான், ஒருவன் வேலைக்குப் போவான், ஒருவன் ஏ.எல் இரண்டாம் தடவை எடுப்பான். பக்கத்து வீட்டில் தெரிந்த ஒரு பெரிய ஆள், அவர் காவலாளி இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கறி கொண்டுவந்து வைத்துவிட்டு வீடு கூட்டியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போகிற ஆள். வேலை போனாலும் படுக்கை இருக்கிறது, காய்ச்சல் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிற வழி இது ஒன்றுதான்.

செலவைச் சொல்கிறேன். கடைசியாக மூன்று பொடியன்களுக்கு நாங்கள் எடுத்த இடத்துக்கு வாடகை மாதம் 15,000, ஆறு மாத முற்பணம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 5,000, பயிற்சியில் இருப்பவனின் பங்கை முதல் வருசம் நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து போடுகிறோம். முற்பணம்தான் மலை, 90,000. வெளிநாட்டில் இருப்பவர்கள் இல்லங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கிறார்கள், நல்லது, பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் கோழி. ஆனால் ஒரு தடவை அந்தக் காசை ஒரு வீட்டு முற்பணமாக மாற்றினால், ஆறு மாதத்துக்கு மூன்று பேரின் தலைக்கு மேல் கூரை.

காசைவிடக் கஷ்டம் வீட்டுக்காரர். "எங்க வேலை செய்யிற பொடியன்கள்?" வரைக்கும் நல்லாய்ப் போகும். "தாய் தகப்பன் எங்க?" என்று வரும்போது சாவி மேசையில் இருந்து மெதுவாகப் பின்னால் போகும். ஒரு அம்மா நேராகவே சொன்னார், "குறை நினைக்காதீங்க தம்பி, ஹோம் பொடியன்கள் எண்டால் பயம்." நான் என் கடை அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு "உங்கட ஃப்ரிட்ஜ திருத்தினது யார் அம்மா?" என்று கேட்டேன். வீடு கிடைத்தது. எல்லாருக்கும் ஃப்ரிட்ஜ் பழுதாகாது, அதுதான் சிக்கல்.

இதுவரை நான் பொடியன்களைத்தான் சொன்னேன், பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையோ மேற்கே படுவான்கரையோ, இங்கால் ஏறாவூர் தொடக்கம் அங்கால் அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும், தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண்ணுக்குத்தான். தாய் வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் குடில் போட்டு ஒதுங்குகிற ஊர் இது. மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே வீடில்லாத பொடியன் இங்கே கல்யாணம் கட்டலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உழைப்பும் குணமும் இருந்தால் ஒரு வீட்டுக்குள் போய்விடுவான். நான் அப்படித்தான் போனேன், என் மாமியார் இன்றைக்கும் எனக்குத்தான் முதல் சோறு போடுவார். வீடில்லாத பெண் பிள்ளைக்கு அந்தக் கதவே இல்லை. அதோடு குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது, "பிள்ளை என்ன குடி?" என்று கேட்டால் தாயைத் தெரியாத பிள்ளை என்ன சொல்லும்?

அதனால் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான் அவசரமாக முன்னால் வைக்கப்படுகிறது. ஒன்று, சீதனம் கேட்காமல் வருகிற முதல் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பது. கேட்காமல் வருகிறவன் ஏன் கேட்காமல் வருகிறான் என்று யாராவது விசாரித்தார்களா? சில பேர் உண்மையிலேயே நல்ல பொடியன்கள். சில பேருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கும். மற்றது வெளிநாடு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 2022-இல் இருந்து ஆகக் குறைந்த வயசு 21. பதினெட்டில் வெளியே வந்த பிள்ளையை ஒரு ஏஜென்சிக்காரன் "எல்லாம் சரிப்படுத்தலாம்" என்று கூட்டிக்கொண்டு போனால் சரிப்படுத்துவது பிறந்த திகதியைத்தான். அப்படிப் போன பிள்ளைக்கு அங்கே ஏதும் நடந்தால் இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு நடக்க ஒரு தாய் கூட இல்லை.

பெண் பிள்ளைகளுக்கும் ஐந்தாவது வழியைத்தான் சொல்வேன், ஆனால் தனி வீடு வேண்டாம், ஊர்வாய் சும்மா விடாது. தையலோ தாதிப் பயிற்சியோ படிக்கிற இரண்டு மூன்று பேர், ஒரு ஓய்வுபெற்ற ரீச்சரின் வீட்டுப் பின்பக்கத்தில். பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனியாக இருக்கிற ரீச்சர்மார் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். இரண்டு பக்கமும் தேவை இருக்கிறது, சேர்த்துவைக்கத்தான் ஆள் இல்லை.

இதையெல்லாம் பதினெட்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது. பதினாறிலேயே தொடங்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலிலும் பிள்ளை வெளியேற நன்றாக முன்னமே பின்கவனிப்பைத் திட்டமிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அது ஒரு பக்கம் கிடக்கட்டும், அக்கா கேட்ட பொடியனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

நேற்றுப் போய் அவனைப் பார்த்தேன். பார்வையாளர் புத்தகத்தில் சித்தியின் பெயர் இரண்டு வருசத்தில் பதினொரு தடவை இருக்கிறது, ஒரு தடவை "மழை, பிந்தி வந்தார்" என்று குறிப்பும் இருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை. அவனைக் கேட்டேன், "சித்தி வீட்டுக்குப் போறியா?" "போவன் அண்ணா, ஆனா இருக்க ஏலாது. அங்க ஒரு அறைதான், மூண்டு தங்கச்சிமார்." கொழும்பு வேலையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. ஆகவே அந்த மூன்று பொடியன்கள் இருக்கிற வீட்டில் நாலாவதாகப் பாய் போடுகிறோம், வயரிங் வகுப்புக்கு விண்ணப்பம் நிரப்புகிறோம், மாதம் ஒரு சனிக்கிழமை சித்தி வீடு. அவவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா, பிறகு "அவனுக்கு நண்டுக் கறி விருப்பம் தம்பி, நான் குடுத்து விடுறன்" என்றா.

திங்கட்கிழமை கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும். பிறப்புப் பதிவில் தாயின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. அவனையே விண்ணப்பம் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து வைக்க முன் முழுவதையும் வாசித்து எனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.